அத்தாவின் நடைக்கு ஒரு டைமர்

அத்தா சாலையின் நடுவில் நின்றுவிட்டார்.

நிற்க வேண்டுமென்று நினைத்து நிற்கவில்லை. தோளும் தலையும் முன்னால் போகின்றன, பாதம் இரண்டும் தாரில் ஒட்டிக்கொண்டதுபோல் கிடக்கின்றன. திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சாலை, வெள்ளிக்கிழமை மதியம். மாத்திரைப் பை என் ஒரு கையில், என்னைப் பெற்ற அத்தாவின் முழங்கை இன்னொரு கையில். இடது பக்கம் ஒரு ஆட்டோ விடாமல் ஹாரன் அடிக்கிறது. வலது பக்கம் நத்தம் போகும் பஸ் உறுமிக்கொண்டே எங்களுக்காகக் காத்து நிற்கிறது.

"யம்மா, பெரியவரக் கூட்டிட்டுப் போம்மா" என்றார் டிரைவர், தலையை வெளியே நீட்டி.

நான் பதறிப்போய் இழுத்தேன். இந்த வியாதிக்காரர்களை இழுக்கவே கூடாது என்று எனக்கு அப்போது தெரியாது. அத்தா அப்படியே முன்னால் சரிந்து, முழங்கால் இரண்டும் தரையில் பட விழுந்தார். பூ ஏற்றி வந்த டெம்போவிலிருந்து ஒருவர் குதித்து ஓடிவந்து, அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். அவர் சட்டையெல்லாம் சம்பங்கி வாசம். "மெதுவா பாய், அவசரமில்ல" என்று சொல்லியபடியே எங்களைச் சாலையின் மறுபக்கம் கொண்டுபோய் விட்டார்.

அத்தாவின் வேட்டியில் முழங்கால் இருந்த இடத்தில் இரத்தம் ஊறியிருந்தது. அதை அவர் பார்க்கவில்லை. பள்ளிவாசல் இருந்த திசையைப் பார்த்து, "ஜும்மாவுக்கு நேரமாயிருச்சா?" என்று கேட்டார்.

ஒரு சக்கர நாற்காலி

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் நான் வாஷிங் மெஷின் போர்டு சரிசெய்யும் கடை போட்ட கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அத்தா விழுந்தது அதற்குச் சில வருடங்களுக்குப் பிறகு. அவருக்கு வந்தது நடுக்குவாதம், பார்க்கின்சன் என்பார்கள். எனக்கு அந்தச் சொல்லே புதிது. கை நடுங்கும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அத்தாவுக்குக் கை அவ்வளவாக நடுங்கவில்லை. நடைதான் போனது.

நடைதான் அவருடைய தொழிலே. தோல் வியாபாரி. தோல் பதனிடும் ஒரு ஷாப்பிலிருந்து இன்னொன்றுக்கு, வெயில் மழை பார்க்காமல், கக்கத்தில் மாதிரித் தோலைச் சுருட்டி வைத்துக்கொண்டு நடப்பார். சின்ன வயதில் அவரோடு கடைத்தெருவுக்குப் போனால் நானும் தம்பி ரஃபீக்கும் ஓடத்தான் வேண்டும். அவர் திரும்பிப் பார்த்து, "என்ன, எறும்பா நீங்க?" என்பார். தோலின் புளித்த வாடை அவர் சட்டையை விட்டுப் போகாது. அம்மா அதற்காகவே தனிச் சோப்பு வைத்திருந்தார்.

ரஃபீக் பிரியாணிக் கடை வைத்திருக்கிறான். அத்தாவும் அம்மாவும் பேகம்பூரில் அவன் வீட்டில் இருக்கிறார்கள். நான் இரண்டு தெரு தள்ளி. அத்தா விழுந்த மறுநாள் ரஃபீக் ஒரு சக்கர நாற்காலி வாங்கி வந்து கூடத்தில் விரித்து வைத்தான்.

"இனிமே வெளிய போறதுன்னா இதுலதான். நான் ஆள் போடுறேன், தள்ளிட்டுப் போவான்" என்றான்.

அத்தா அதை ஒருமுறை பார்த்தார். "நான் வெளிய போகல" என்றார்.

அவர் சொன்னதைச் செய்தார். வெள்ளிக்கிழமை வந்தது, போனது. பாங்கு கேட்டதும் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சாப்பாடு பாதியில் நின்றது. அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒங்கத்தா பேச்சையே நிறுத்திட்டாரு பர்வீனு. நாற்காலிய மட்டும் பாத்துக்கிட்டே இருக்காரு" என்றார்.

ரஃபீக்குக்கும் எனக்கும் அன்று சமையலறையில் சண்டை.

"ரோட்ல விழுந்து லாரில அடிபட்டா நீயா பொறுப்பு?" என்றான்.

"வீட்டுக்குள்ளயே படுத்துப் போயிட்டா நீயா பொறுப்பு?"

"அப்ப என்னதான்க்கா செய்யச் சொல்ற?"

அவனுக்குப் பயம். என்னைவிட அவன்தான் அத்தாவோடு அதிக நேரம் இருப்பவன், இரவில் எழுப்பித் திருப்பிப் படுக்க வைப்பவன். அவனைத் தப்பாகச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அத்தா நடப்பார் என்று அந்தச் சமையலறையிலேயே முடிவு செய்துவிட்டேன். எப்படி என்பது பிறகு.

பேனாவால் தட்டிய டாக்டர்

மதுரையில் ஒரு நரம்பு மருத்துவரிடம் கூட்டிப்போனேன். கதவருகே அத்தா வழக்கம்போல் உறைந்து நின்றார். வாசல், குறுகலான இடம், திருப்பம், இவையெல்லாம் அவருக்கு ஆகாது. டாக்டரம்மா எழுந்து வரவில்லை. மேசையில் பேனாவால் ஒரே சீராகத் தட்டத் தொடங்கினார். டக், டக், டக்.

"பாய், இந்தச் சத்தத்துக்கு ஒவ்வொரு காலா வைங்க."

அத்தா கால் வைத்தார். அடுத்த காலும் வந்தது. வாசலைத் தாண்டி, மேசைவரை வந்து, நாற்காலியில் உட்கார்ந்தார்.

நமக்கெல்லாம் நடைக்கான தாளத்தை மூளையே உள்ளுக்குள் போட்டுக்கொள்ளும் என்று டாக்டர் விளக்கினார். நாம் அதைக் கவனிப்பதே இல்லை. இந்த வியாதியில் அந்தத் தாளம் மங்கிவிடுகிறது. வெளியிலிருந்து ஒரு தாளம் கிடைத்தால் சிலருக்குக் கால் எழும். "எல்லாருக்கும் கேக்காது. இவருக்குக் கேக்குது. மாத்திரைய நிறுத்தாதீங்க, கூட ஒரு ஆள் எப்பவும் இருக்கணும்" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் முன் சீட்டுக் கம்பியைத் தட்டிக்கொண்டே வந்தேன்.

முதலில் போனில் ஒரு தாள ஆப் போட்டுப் பார்த்தோம். வீட்டுக்குள் நன்றாக வேலை செய்தது. தெருவில் இறங்கினால் வண்டிச் சத்தத்தில் கேட்கவில்லை. காதில் இயர்போனை மாட்டினால் பின்னால் வரும் பைக் அவருக்குக் கேட்காது. ஒருநாள் தெருமுனையில் யாரோ போன் செய்ய, தாளம் நின்று மணி அடித்தது. அத்தாவும் நின்றார். ஓடிப் போய்ப் பிடித்தேன்.

காது வேண்டாம், உடம்பிலேயே தட்டினால்? பழைய போன்களில் அதிர்வுக்கு ஒரு மோட்டார் இருக்கும், சட்டைப் பொத்தான் அளவுதான். என் கடையில் ஒரு டப்பா நிறையக் கிடந்தது. அதை இடுப்பில் கட்டி, சீராக அதிர வைத்தால் போதும்.

அந்த 'சீராக' என்ற ஒரு சொல்தான் என்னை ரொம்ப நாள் அலைக்கழித்தது.

எட்டுக்கால் சில்லு

நான் டிப்ளமோ எலெக்ட்ரானிக்ஸ். அகரத்திலிருந்தும் சேவுகம்பட்டியிலிருந்தும் வரும் வாஷிங் மெஷின் போர்டுகளில் மைக்ரோகன்ட்ரோலர் என்ற சில்லு இருக்கும். எரிந்துபோன பாகத்தைக் கழற்றி வேறு வைத்து ஈயம் பிடிப்பேனே தவிர, அந்தச் சில்லுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தவள் இல்லை. படித்தபோது புரோகிராம் எழுதியது, கல்யாணத்துக்கு முன்பு.

எட்டுக் கால் மட்டும் உள்ள, விரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய சில்லு ஒன்றை வாங்கினேன். கடையில் வேலை முடிந்த மதிய வேளைகளில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்காருவேன். முதல் புரோகிராம் எளிமையானது: மோட்டாரை ஓட்டு, நிறுத்து, கொஞ்சம் காத்திரு, மறுபடி ஓட்டு. காத்திருக்கும் நேரத்துக்கான எண்ணை மாற்றி மாற்றிப் போட்டு, அத்தாவின் நடைக்குப் பொருந்திய இடத்தில் நிறுத்தினேன். கணக்கெல்லாம் போடவில்லை.

வேலை செய்தது. கூடத்தில் அத்தா இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை போய் வந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு ஒரு பொத்தான் வைத்தேன். மாத்திரை போட்ட புதிதில் அவர் நடை வேகமாக இருக்கும், அடுத்த மாத்திரை நேரம் நெருங்க நெருங்க மெதுவாகும். அமுக்கினால் தாளம் மாற வேண்டும். அத்தா பொத்தானை அமுக்கினார். அந்த ஒரு தட்டு மட்டும் தாமதமாக வந்தது. எழுந்த கால் இறங்காமல் அவர் தடுமாறி, அலமாரியைப் பிடித்துக்கொண்டார்.

"நடுவுல அது மறந்துருதும்மா" என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. சில்லுக்கு ஒரு மூளைதான். அதுவே ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு காத்திருக்கிறது. பொத்தானைப் பார் என்று சொன்னால் எண்ணுவதை விட்டுவிட்டு அதைப் பார்க்கப் போகிறது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் கீரை வாங்கப் போன மாதிரி.

கோயம்புத்தூரில் மோட்டார் கம்பெனியில் இருக்கும் என் கல்லூரித் தோழி கிறிஸ்டியிடம் போனில் சொன்னேன். "எண்ணுற வேலைய எதுக்குடி மூளைக்குக் குடுக்குற? உள்ளயே டைமர் இருக்கே, அதுகிட்ட விட்டுரு" என்றாள்.

சிறுமலைப் பழமும் பிரீஸ்கேலரும்

டைமர் என்பது சில்லுக்குள் தனியாக உட்கார்ந்திருக்கும் எண்ணி. மூளை என்ன வேலையில் இருந்தாலும் அது பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருக்கும். நாம் சொன்ன எண் வந்ததும் மூளையைத் தட்டி, "நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு, பூஜ்யத்திலிருந்து மறுபடி தொடங்கும். இது போதும் என்று நினைத்தேன். எண்ணை இருநூற்றைம்பது என்று வைத்து இணைத்தேன். மோட்டார் ஒரே ரீங்காரமாக இரைந்தது. தட்டும் இல்லை, இடைவெளியும் இல்லை.

அம்மா அப்போது கடைக்கு மதியச் சாப்பாடு கொண்டு வந்திருந்தார். "என்னடி இது, வண்டு மாதிரி கத்துது?" என்றார்.

நான் அவருக்குச் சொல்லும் சாக்கில் எனக்கே சொல்லிக்கொண்டேன். சில்லுக்குள் ஒரு துடிப்பு ஓடுகிறது, ஒரு நொடிக்கு லட்சக்கணக்கில். டைமர் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒன்று எண்ணுகிறது. ஆனால் அதால் இருநூற்று ஐம்பத்தைந்துக்கு மேல் எண்ண முடியாது, இடம் அவ்வளவுதான். கண் இமைப்பதற்குள் பலமுறை எண்ணி முடித்துவிடுகிறது.

"சிறுமலையிலேர்ந்து வாழைப்பழம் லாரில வருதுல்லம்மா. ஒவ்வொரு பழமா எண்ணச் சொன்னா என்னாகும்? விரல் பத்தாது. ஒரு தாருக்கு ஒரு விரல் மடக்குன்னா? அதே விரல வச்சு லாரியவே எண்ணிரலாம்."

"அப்ப தாரு கணக்குல எண்ணச் சொல்லு" என்றார் அம்மா, தொட்டுக்கொள்ளும் வெஞ்சனக் கிண்ணத்தைத் திறந்தபடி.

அப்படிச் சொல்லும் வசதிக்குத்தான் பிரீஸ்கேலர் என்று பெயர். துடிப்புக்கும் டைமருக்கும் நடுவில் அது உட்கார்ந்துகொள்ளும். எட்டுத் துடிப்புக்கு ஒன்று, பதினாறுக்கு ஒன்று, முப்பத்திரண்டுக்கு ஒன்று என்று பதினாறாயிரத்துச் சொச்சம்வரை பல அளவுகள், ஒன்றிலிருந்து அடுத்தது இரண்டு மடங்கு. நடுவில் உள்ள அளவு கிடையாது. பொடிப்பொடியான மாற்றத்தை டைமரின் எண்ணில்தான் செய்ய வேண்டும். அடுப்பு மாதிரி: பெரிய அடுப்பா சின்ன அடுப்பா என்பது பிரீஸ்கேலர், திருகைக் கொஞ்சம் கூட்டிக் குறைப்பது டைமர் எண்.

சில்லின் துடிப்பு நொடிக்கு எண்பது லட்சம் என்று விவரத்தாளில் கொட்டை எழுத்தில் இருந்தது. கணக்குப் போட்டு, இருப்பதில் பெரிய பிரீஸ்கேலரை வைத்து, அரை நொடிக்கு ஒரு தட்டு வரும்படி எழுதினேன். இணைத்தேன். ஒரு தட்டு. பிறகு ஒன்றுமே இல்லை. மோட்டார் போய்விட்டது என்று கழற்றப் போனபோது இன்னொரு தட்டு. நாலு நொடி.

மோட்டாரை மாற்றினேன். டிரான்சிஸ்டரை மாற்றினேன். ஈயத்தை எடுத்துவிட்டுப் புதிதாகப் பிடித்தேன். நாலு நொடிதான். இரண்டு வாரம் இப்படிப் போனது. ரஃபீக் ஒருநாள் கடைப்பக்கம் வந்து மேசையில் இறைந்து கிடந்ததைப் பார்த்தான். "விட்ரேன்க்கா. அத்தாவுக்கு ஆசை காட்டி ஏமாத்த வேணாம்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் சுட்டது.

"விடமாட்டேன்டா" என்றேன். அவன் போனதும் விவரத்தாளை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தேன். படித்தது பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. புரியாததைக் கோடு போட்டு மறுநாள் மறுபடி படித்தேன்.

அரை நொடி எதிர்பார்த்து நாலு நொடி வருகிறது. எட்டு மடங்கு. தற்செயலான தவறு இவ்வளவு சுத்தமாக எட்டு என்று வராது. அந்த எட்டைத் தேடிக்கொண்டே போனேன், ஒரு வரியில் கிடைத்தது. சில்லு தொழிற்சாலையிலிருந்து வரும்போதே, அதன் துடிப்பை எட்டால் வகுக்கும்படி ஒரு அமைப்பைப் போட்டுத்தான் அனுப்புகிறார்கள். மாற்றாதவரை எண்பது லட்சம் இல்லை, பத்து லட்சம்தான். பிரீஸ்கேலருக்கு முன்னாலேயே இன்னொரு வகுப்பான். மாதக்கணக்காக எனக்குத் தெரியாமலே அதோடு வேலை பார்த்திருக்கிறேன்.

அந்த அமைப்பை மாற்றலாமா என்று கிறிஸ்டியிடம் கேட்டேன். "மாத்தலாம். ஆனா மெதுவா ஓடுனா பேட்டரி நிறைய நேரம் வரும், பாத்துக்க" என்றாள். அப்படியே விட்டுவிட்டேன். நாலாயிரத்துத் தொண்ணூற்றாறுக்கு ஒன்று எண்ணும் பிரீஸ்கேலர், டைமர் எண் நூற்றைம்பது. வேக நடைக்கும் மெது நடைக்கும் எண்ணை மட்டும் கொஞ்சம் குறைத்து, கூட்டி. கூட்டிக்கொண்டே போனாலும் ஒரு நொடிவரை இடமிருந்தது.

இணைத்தேன். டுக், டுக், டுக். உள்ளங்கையில் வைத்துக்கொண்டே பொத்தானை அமுக்கினேன். ஒரு தட்டுகூடப் பிசகவில்லை. எழுந்து நின்று கடைக்குள்ளேயே அந்தத் தட்டுக்கு நடந்தேன். மிக்ஸி போர்டு கொண்டு வந்த ஒருவர் வாசலில் நின்று என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

ஆட்டுத்தோல் உறை

சில்லு, மோட்டார், பேட்டரி எல்லாம் அடங்கிய சின்னப் பெட்டியைப் பெல்ட்டில் கட்ட ஒரு உறை வேண்டும். ரெக்சினில் தைத்து எடுத்துப் போனேன். அத்தா விரலால் தடவிப் பார்த்துக் கீழே வைத்தார். மறுபடி சுவர்ப்பக்கமே திரும்பிக் கிடந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

"இது வேர்க்கும். மாட்டுத்தோலும் வேணாம், தடிப்பு, தட்டு தெரியாது. ஆட்டுத்தோலு, மெல்லுசா சீவுனது. ஹனீபா ஷாப்புல கேளு. நான் சொன்னேன்னு சொல்லு."

நீண்ட நாளைக்குப் பிறகு அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது அன்றுதான். ரஃபீக்கே போய் வாங்கி வந்தான்.

வீட்டுக்குள் பழகினோம், பிறகு மாடிப்படி, பிறகு தெரு. ஒவ்வொரு நாளும் சரியாகப் போகவில்லை. சில நாள் தட்டு வந்தாலும் கால் வராது. அப்போது நின்று, மூச்சு விட்டு, ஒரு காலை வேண்டுமென்றே உயர்த்தி, அடுத்த தட்டுக்கு வைக்கப் பழகிக்கொண்டார். ஒருநாள் விழவும் செய்தார். அம்மா அழுதார். அத்தா, "விழுந்தா எந்திரிச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டு பெல்ட்டைச் சரிசெய்துகொண்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் வெள்ளை ஜிப்பா போட்டு, அத்தர் தடவிக்கொண்டு வாசலுக்கு வந்தார். ரஃபீக் பக்கத்தில். நான் பள்ளிவாசல் தெருமுனைவரை பின்னால் போனேன். வீட்டு வாசல்படியிலேயே அத்தா உறைந்தார். நான் இழுக்கவில்லை. செத்த நேரம் நின்றார். வலது கால் எழுந்தது. சாலையைக் கடக்கும்போது ரஃபீக் கையைக் காட்டி வண்டிகளை நிறுத்தினான். அத்தா தலையைக் குனிந்து, எதையோ உற்றுக் கேட்பவர்போல் நடந்து போனார். பள்ளிவாசல் படியில் செருப்பைக் கழற்றுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். வரும் வழியெல்லாம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தேன். கேட்டவர்களிடம் வெயில் என்று சொன்னேன்.

எண் ஏறுகிறது

கருவி வியாதியைக் குணப்படுத்தவில்லை. அப்படி எழுதினால் பொய். சில மாதங்களுக்கு ஒருமுறை அத்தாவின் நடை கொஞ்சம் மெதுவாகும். தட்டு முந்திப்போகும், கால் பின்தங்கும். நூற்றைம்பது நூற்று அறுபதானது, பிறகு நூற்று எழுபத்தைந்து. ஒவ்வொரு முறையும் எண்ணை ஏற்றும்போது எனக்குள் ஒன்று கனக்கும். அத்தா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எம்புட்டு ஏத்துன?" என்று மட்டும் கேட்பார். சொல்வேன். தலையசைப்பார். மறுநாள் கிளம்பிவிடுவார்.

சமீபத்தில் நான் காய்ச்சலில் எழ முடியாமல் படுத்திருந்தேன். ரஃபீக் அத்தாவையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். கடையிலிருந்து நேராக வந்திருந்தான், கையெல்லாம் பட்டை கிராம்பு வாசம்.

"அக்கா, மிஷின் முந்திப் போகுது. அத்தாவுக்கு அடி எட்டல" என்றான்.

"ரெண்டு நாள் பொறுடா, எந்திரிச்சு ஏத்தித் தாரேன்."

"வேணாம். எனக்குச் சொல்லிக் குடு."

நான் அவனைப் பார்த்தேன்.

"நீயே எம்புட்டு நாளைக்குச் செய்வ? சொல்லிக் குடுக்கா" என்றான்.

லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். நான் படுத்தபடியே சொன்னேன். ஒற்றை விரலால் தட்டினான். அவசரத்தில் பக்கத்து வரியைத் தொட்டு, டைமர் எண்ணை விட்டுவிட்டு பிரீஸ்கேலரை மாற்றிவிட்டான். அத்தா பெல்ட்டை இடுப்பில் வைத்ததும் விர்ரென்று இரைந்தது.

"ஏலே, குளவிய கட்டி விட்ருக்கியா?" என்றார் அத்தா. அவர் சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. ரஃபீக்குக்கும் சிரிப்பு. எனக்குச் சிரித்தால் தலை வலித்தது.

பிரீஸ்கேலரைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, எண்ணை நூற்று எண்பத்தெட்டு என்று வைத்தான். அத்தா எழுந்து அறைக்குள் ஒரு சுற்று வந்தார்.

"சரியா இருக்காத்தா?"

"இன்னும் ரெண்டு ஏத்து."

ரெண்டு ஏற்றினான். அத்தா மறுபடி ஒரு சுற்று வந்து, வாசலில் நின்று, காலைத் தூக்கி வெளியே வைத்தார். ஆட்டோக்காரர் வண்டியைக் கிளப்பப் போனார். ரஃபீக் ஓடிப் போய், "நீங்க போங்கண்ணே, நாங்க நடந்து வாரோம்" என்று சொல்லி அனுப்பினான்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிலும் அவசரப்படும் என் தம்பி, அத்தாவின் பக்கத்தில், அத்தாவின் வேகத்தில், ஒவ்வொரு அடியாக வைத்து வீட்டுக்கு நடந்து போனான்.